உள்தாழ்ப்பாள்

தாழ்ப்பாளைப் போட்ட பிறகும் பஞ்சவர்ணம் அதிலிருந்து கையை எடுக்கவில்லை. சேலை மாற்றத்தான் கதவைச் சாத்தினாள், அதற்கு இவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. ஆனால் உள்ளேயிருந்து ஒரு கதவைத் தாழிட்டு எவ்வளவு காலமாயிற்று என்று நினைக்கப் போனவள், கணக்குப் பிடிபடாமல் அப்படியே நின்றுவிட்டாள். மதுரையில் அவள் படுக்கிற பாத்திரக்கடை வாசலிலும் கதவு உண்டு, இரும்பு ஷட்டர். அது கடைக்காரர் தன் அண்டா குண்டாவுக்காகப் போட்ட கதவு, அவள் எப்போதும் அதற்கு இந்தப்பக்கம். காசு கொடுத்துப் போகிற கக்கூஸில் கொண்டி உண்டு, உட்காருவதற்குள் வெளியே நிற்கிறவள் தட்டத் தொடங்கிவிடுவாள். இந்தக் கதவை யாரும் தட்டவில்லை. மூங்கில் தப்பையும் கீற்றும் வைத்துக் கட்டிய கதவு, அதில் சின்னதாக ஒரு மரத் தாழ்ப்பாள். எவன் செதுக்கினானோ, வழுவழுவென்று இருந்தது. அம்மா காலத்தில் இந்த ஊரில் அவர்கள் குடிசைக்குக் கதவே கிடையாது, சாக்குப் படுதாதான் தொங்கும். எப்போது வேண்டுமானாலும் விலக்கி உள்ளே பார்க்க ஊருக்கு அது வசதி. படம் பிடிக்க வந்த பட்டணத்துப் பிள்ளைகளுக்கு அதையெல்லாம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. குடிசை என்றால் கதவு இருக்கும், கதவு என்றால் தாழ்ப்பாள் இருக்கும் என்று அவர்களாகவே நினைத்துச் செய்துவிட்டார்கள். நல்ல வீட்டில் பிறந்த பிள்ளைகள். அவள் தாழ்ப்பாளை ஒருமுறை நீக்கி, மறுபடி போட்டுப் பார்த்தாள்.

சேலை கொடியில் தொங்கியது. கறுப்புச் சேலை, வேண்டுமென்றே அங்கங்கே கிழித்து வைத்திருந்தார்கள். அதைக் கட்டிக்கொண்டு, தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, அவள் இங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். பொழுது சாயும்போது கூப்பிடுவார்கள். செம்பனேந்தலில் மார்கழிக் கடைசி நாளில் நடக்கிற பீடை கழிப்பு இது. மற்ற ஊர்க்காரர்கள் பழைய பாயையும் விளக்குமாற்றையும் கொளுத்திப் போகி கொண்டாடிவிட்டுப் போகிறார்கள். இந்த ஊர்க்காரர்கள் கொஞ்சம் விவரமானவர்கள். பாய்க்கும் விளக்குமாற்றுக்கும் கால் இல்லை, பீடையைச் சுமந்துகொண்டு எல்லை தாண்டிப் போகாது என்று யோசித்து, கால் இருக்கிற ஒரு பொம்பளையை அதற்கென்று வைத்தார்கள். அந்தக் குடும்பத்துக்குக் கழிப்புக்குடி என்று பேர். தேய்ந்த விளக்குமாறும் ஓட்டை முறமும் விரிசல் விட்ட பானையும் எடுத்துக்கொண்டு கழிப்புக்காரி ஊர் நடுவே நடப்பாள். அவள் கடந்த பிறகு ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் தன் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளிப்பாள். யாரும் அவளைத் தொடக்கூடாது, அவள் திரும்பிப் பார்க்கக்கூடாது. எல்லைக்கல்லைத் தாண்டிப் பானையைப் போட்டு உடைத்ததும், இங்கே அவள் குடிசையைக் கொளுத்திவிடுவார்கள். வீடு இருந்தால் பீடை அன்றைக்கே திரும்பி வந்துவிடுமாம். மாட்டுப்பொங்கல் கழியும் வரை அவள் எல்லைக்கு அந்தப்பக்கம், இடிந்த சாவடியில். அப்புறம் ஊரே கூடிப் புதுக் குடிசை போட்டுத் தர வேண்டும், அது முறை. தை பிறந்தால் வழி பிறக்கும் என்று உலகமே சொல்கிறது. கழிப்புக்குடிக்கும் வழி பிறந்தது, ஊரைவிட்டு வெளியே போகிற வழி. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த பஞ்சவர்ணம் இந்த ஊரில் பொங்கல் பொங்கி ஒருநாளும் பார்த்ததில்லை. சாவடியில் படுத்துக்கொண்டு குலவைச் சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறாள்.

சேலையை எடுக்காமல் தரையில் உட்கார்ந்தாள். சாணி மெழுகிய தரை, இன்னும் ஈரவாடை போகவில்லை. உட்கார்ந்தவளுக்குப் படுக்கத் தோன்றியது, படுத்தாள். மேலே ஓலை. புதுக் கீற்று, பச்சை மாறாத வாசனை. ஒரு பொத்தல்கூட இல்லை, வானம் தெரியவில்லை. ஊர் போட்டுத் தந்த எந்தக் குடிசையும் இவ்வளவு நன்றாக இருந்ததில்லை. எப்படியும் அடுத்த மார்கழியில் எரியப் போவதுதானே என்று உளுத்த ஓலையாகப் பார்த்துப் போடுவார்கள். மழைக்காலம் முழுக்க அம்மா சட்டியை இங்கேயும் அங்கேயும் நகர்த்திக்கொண்டிருப்பாள். எரிப்பதற்கென்றே கட்டியது இப்படி வாய்த்திருக்கிறது. குடியிருக்கக் கட்டியதெல்லாம் எரிக்கிற மாதிரி இருந்தது. இதை நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, சத்தம் வெளியே கேட்டுவிடப் போகிறது என்று வாயைப் பொத்திக்கொண்டாள். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பாள் இட்லிக் கடை ஆச்சி. பாத்திரம் தேய்த்து முடித்துக் கைகால் கழுவிக்கொண்டு பஞ்சவர்ணம் கிளம்பும்போதெல்லாம் சொல்வாள். ஆச்சிக்கு நாக்கு மட்டும் இரக்கப்படும், கடைக்குள் படுத்துக்கொள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. யார்தான் சொன்னார்கள்?

வெளியே நாற்காலிகளை இழுக்கிற சத்தம். ஒலிபெருக்கியில் யாரோ ஊதிப் பார்த்தார்கள். கதவுக்குப் பக்கத்தில் செருப்புச் சத்தம் வந்து நின்றது. “அம்மா, நான்தான் நிவேதிதா. அவசரமில்லை, மெதுவா மாத்திக்கங்க. வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இறங்கணும்.” பஞ்சவர்ணம் எழுந்து உட்கார்ந்து, “ஆகட்டும்மா” என்றாள். நல்ல பெண். சென்னையிலிருந்து வந்து, பாத்திரக்கடை வாசலில் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கதை கேட்ட பெண். இந்த மாதிரி வழக்கங்களுக்கெல்லாம் தொட்டுப் பார்க்க முடியாத மரபுச் செல்வம் என்று பேராம், அதைப் பட்டியலில் ஏற்றுவார்களாம், உலகத்துக்கே தெரியுமாம். தொட்டுப் பார்க்க முடியாது என்பதுவரை பஞ்சவர்ணத்துக்குப் புரிந்தது, அவளைத்தான் கழிப்பு நாளில் யாரும் தொட்டதில்லையே. செல்வம் என்ற இடத்தில்தான் விழித்தாள். அந்தப் பெண் அதைக் கண்டுகொண்டாள். “எனக்கே இது கஷ்டமாத்தான் இருக்கும்மா. பெருமைப்படறதை மட்டும் எடுத்து வச்சுட்டு வெட்கப்பட வேண்டியதை மறைச்சுட்டா, அது நடக்கவே நடக்காத மாதிரி ஆயிடும். உங்களுக்கு நடந்ததும்தான்.” அன்று அந்தப் பேச்சு பஞ்சவர்ணத்தின் மனதில் போய் உட்கார்ந்துகொண்டது. உண்மைதானே. செம்பனேந்தலில் யாரைக் கேட்டாலும், எங்கள் ஊரில் அப்படியெல்லாம் கிடையாது என்றுதான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பட்டியல், படம், சுற்றுலா, தார் ரோடு என்று காதில் விழுந்ததும் ஊருக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. பெரியதனக்காரர் சேதுராமன் இன்று காலையில் அந்தப் பெண்ணின் கேமராவுக்கு முன்னால் நின்று, “அவுகள நாங்க தெய்வமாத்தான் நெனைக்கிறது. ஊர் நல்லாருக்கணும்னு அவுக செய்ற தியாகம் இது” என்று சொன்னார். தெய்வத்தைச் சாவடியில் பட்டினி போட்ட கதையை அவர் சொல்லவில்லை. மறந்திருப்பார் பாவம், வயசாகிறதல்லவா.

அவள் வயசுதான் அவருக்கும். முதல் முறை அவள் வாயைத் திறந்த அன்று, அவர் தன் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் குடிசை வாசலில் நின்றார். பீடையை அடித்து விரட்டக்கூடாது, அதுவாகப் போகிறேன் என்று சொல்ல வேண்டும் என்பது இந்த ஊர் வழக்கம். பெரியதனக்காரர் வாசலில் நின்று மூன்று முறை “போறியா?” என்று கேட்பார். உள்ளேயிருந்து கழிப்புக்காரி மூன்று முறை “போறேன்” என்று சொல்ல வேண்டும். வாயால் சொல்லாமல் பீடை நகராது, பீடை நகராமல் ஊரில் அடுப்பு எரியாது. அந்த வருஷம் அம்மாவுக்குக் காய்ச்சல். இரண்டு நாளாகத் தண்ணீர்கூட இறங்கவில்லை, பாயில் கிடந்தாள். “போறியா?” என்று கேட்டார்கள், அம்மாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி கேட்டார்கள். தப்புக் கொட்டு நின்றுவிட்டது. வெளியே ஜனம் முணுமுணுக்க ஆரம்பித்தது, யாரோ ஒருத்தன் சாக்குப் படுதாவைக் கம்பால் குத்தினான். பாவாடை கட்டிய பஞ்சவர்ணத்துக்கு ஒன்றுதான் தெரிந்தது, சொல்லிவிட்டால் இவர்கள் போய்விடுவார்கள். போய்விட்டால் அம்மாவுக்குக் கஞ்சி வைக்கலாம். “போறேன்” என்று கத்தினாள். எவ்வளவு புத்திசாலி. அம்மா படுத்த படுக்கையிலிருந்து கையை நீட்டி அவள் வாயைப் பொத்த வந்தது இப்போதும் தெரிகிறது. அந்தக் கை பாதி தூரம்தான் வந்தது. யார் வாய் சொன்னதோ அவள்தான் இனிமேல் கழிப்புக்காரி, சாகும்வரை. அது அவளுக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியும். அன்று கறுப்புச் சேலையை எறிந்து அவளையே சுற்றிக்கொள்ளச் சொல்லி, அது தரையில் புரள நடத்தி அனுப்பினார்கள். காய்ச்சலோடு அம்மாவையும் பின்னாலேயே இழுத்துக்கொண்டு வந்து போட்டார்கள், குடிசையைக் கொளுத்த வேண்டுமே. சாவடியில் அம்மா அழவில்லை. “ஏன்டீ வாயத் திறந்த, ஏன்டீ வாயத் திறந்த” என்று விடியும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த வாய் அதற்கப்புறம் மூடவில்லை. அதுதான் விசித்திரம். கழிப்பு நின்று போயிற்று, ஊரும் விட்டுப்போயிற்று, ஆனால் அந்தச் சொல் மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டது. பாத்திரக்கடைக்காரர் காலையில் சாவியோடு வந்து நிற்பார், அவர் ஒன்றும் சொல்வதற்கு முன்பே “போறேன் சாமி” என்று எழுந்துவிடுவாள். ரோந்துப் போலீஸ்காரர் லத்தியால் தூணைத் தட்டினால், “போறேங்கய்யா.” திருவிழாக் கூட்டத்துக்காக நடைபாதையைக் கழுவிவிட வருகிறவனிடம், பெரியாஸ்பத்திரி வராந்தாவில் நர்சம்மாவிடம், ரயில் நிலையத்துப் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவள் மூக்கைச் சுளித்ததற்குக்கூட. கட்டிய புருஷன், பீடைக்காரி புருஷன் என்ற பேச்சைத் தாங்க முடியாமல் ஒருநாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதும் அவள்தான் முந்திக்கொண்டு “போறேன்” என்றாள். கடைசியில் போனது அவன். அந்தப் பெண் நிவேதிதா ஏதேதோ கேட்டாள், பாட்டு உண்டா, கோலம் உண்டா, மருந்து மாயம் ஏதும் வழிவழியாக உண்டா என்று. எங்களிடம் என்ன இருக்கிறது என்று பஞ்சவர்ணம் கையை விரித்தாள். இப்போது யோசித்தால், இருக்கிறது. யாரும் போ என்று சொல்வதற்கு முன்னால் போகத் தெரியும். மூட்டையை ஒரு கையால் சுருட்டத் தெரியும். படுத்த இடத்தில் படுத்த தடம் இல்லாமல் எழுந்திருக்கத் தெரியும். அம்மாவிடமிருந்து வந்தது, அம்மாவின் அம்மாவிடமிருந்து வந்தது. அதைத் தொட்டுப் பார்க்க முடியாதுதான்.

சூரியன் கீற்றுக் கதவின் இடுக்கில் கோடு போட்டது. புகை வாசனை மாதிரி ஏதோ வந்தது, அவளுக்கு நெஞ்சு திடுக்கென்றது. எழுந்து போய் இடுக்கு வழியாகப் பார்த்தாள். டீ போடுகிறார்கள். அதற்குத்தான் இந்தப் பயம். ஆனால் பந்தம் கட்டுகிறவனும் அங்கேதான் உட்கார்ந்திருந்தான், கொம்பில் துணி சுற்றிக்கொண்டிருந்தான். அதற்கும் பின்னால் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. நான்கு தூணில் நிற்கிற மேல்நிலைத் தொட்டி. அந்தத் தூண்களுக்கு நடுவில்தான் அவள் வீடு இருந்தது. கடைசிக் கழிப்பு வருஷம், மகள் ரேணுகா இடுப்பில் இருந்தாள். வழக்கம்போலப் போனாள், வழக்கம்போல எரித்தார்கள். மாட்டுப்பொங்கல் கழிந்து வந்து பார்த்தால் சாம்பல் அப்படியே கிடந்தது. “ஓலைக்குச் சொல்லிருக்கு, வந்துரும்” என்றார் சேதுராமன், அப்போதுதான் பெரியதனம் அவர் கைக்கு வந்திருந்தது. தை போயிற்று, மாசி போயிற்று. சாவடியிலிருந்து தினமும் வந்து எட்ட நின்று பார்த்தாள். ஒருநாள் அங்கே குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். “கவர்மெண்டு தொட்டி கட்டுது புள்ள, நான் என்ன செய்ய?” என்றார். அவரால் ஒன்றும் செய்ய முடியாதுதான், இடத்தைக் காட்டிக் கொடுத்ததைத் தவிர. “அப்ப நான் போறேன் சாமி” என்று சொல்லிவிட்டு இடுப்புப் பிள்ளையோடு மதுரைக்குப் பஸ் ஏறினாள். அதற்கப்புறம் ஊர் வைக்கோல் பொம்மை செய்து எரித்துக்கொண்டது. பீடை ஒன்றும் வந்ததாகத் தெரியவில்லை. மழைகூட நன்றாகத்தான் பெய்ததாம்.

இப்போது வீடு தருகிறார்கள். கான்கிரீட் வீடு, தொட்டிக்குப் பக்கத்திலேயே, அஸ்திவாரம் போட்டாயிற்று. “வா ஆத்தா, வந்து நில்லு ஆத்தா” என்று சேதுராமனே மதுரைக்கு வந்து கூப்பிட்டார். அவர் வாயில் ஆத்தா என்ற சொல் புதுச் செருப்பு மாதிரி கடித்தது. அதுவரை ஏ புள்ளதான். வருஷத்துக்கு ஒருநாள் நடந்து காட்டினால் போதும், கான்கிரீட்டை எரிக்க முடியாதாகையால் எரிப்பதற்குத் தனியாக ஒரு குடிசை போட்டுக்கொள்வார்களாம். அவள் குடியிருக்கப் போகிற வீடு அஸ்திவாரத்தில் நிற்கிறது, எரிக்கப் போகிற வீடு தாழ்ப்பாள் முதற்கொண்டு தயார். அதுவும் பரவாயில்லை என்றுதான் வந்தாள். ஒருநாள் வேஷம், அப்புறம் கதவு, சுவர், மேலே கூரை. மழை பெய்தால் மூட்டையோடு ஓட வேண்டாம். மூத்திரம் முட்டினால் விடியலுக்குக் காத்திருக்க வேண்டாம். மனசு அத்தனை வருஷமும் கேட்டதெல்லாம் அவ்வளவுதான். காலையில்தான் அந்தப் பேச்சு வந்தது. நிவேதிதா ஒரு கேள்வி கேட்டாள், அடுத்த தலைமுறைக்கு இதை யார் கற்றுக்கொள்கிறார்கள் என்று. பட்டியலில் ஏற வேண்டுமானால் அது இருக்க வேண்டுமாம். சேதுராமன் வாயெல்லாம் பல்லாகத் திரும்பி, “வீடே கழிப்புக்குடி பேருலதான் எழுதுறோம், ஒருத்தர் பேருல இல்ல. இவுகளுக்கப்புறம் யாரு செய்றாகளோ அவுகளுக்கு. ஏன் ஆத்தா, போறப்ப இடுப்புல ஒரு பொம்பளப்புள்ள இருந்துச்சே?” என்றார். பஞ்சவர்ணம் யோசிக்கவில்லை. “அது செத்துப்போச்சு சாமி” என்றாள்.

செத்துப்போச்சு. யாரும் சந்தேகப்படவில்லை, நடைபாதையில் வளர்ந்த பிள்ளை சாவது ஊருக்குப் பெரிய ஆச்சரியமா என்ன. நிவேதிதாவின் முகம் மட்டும் வாடிப்போயிற்று, பஞ்சவர்ணத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். கழிப்பு நாளில் அவளைத் தொட்ட முதல் ஆள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். செத்துப்போச்சு. வேறு சொல் கிடைக்கவில்லையா இந்த நாக்குக்கு? பிள்ளை குட்டி இல்லை என்றிருக்கலாம், எங்கேயோ கட்டிக்கொடுத்தேன், பேச்சு வார்த்தை இல்லை என்றிருக்கலாம். மார்கழிக் கடைசி நாளில், கழிப்புக்காரி வாயால், பெற்ற மகளை. ஊர்ப் பீடையெல்லாம் இந்த வாயில்தான் ஏறுகிறது என்றால் இந்த வாய் சொன்னது பலிக்காதா? பலிக்காது, அதெல்லாம் பொய், பொம்மையை எரித்தபோதும் மழை பெய்ததே. பொய் என்றால் பிறகு ஏன் காலையிலிருந்து அந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டிருக்கிறாள்? ரேணுகா இந்நேரம் திருப்பூரில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பாள். ஹாஸ்டலை விட்டு வெளியே வந்து, கூட வேலை செய்கிற பெண்ணோடு லைன் வீடு ஒன்று பிடித்திருக்கிறாள். போன வாரம் போனில், “ஒரே ரூம்தாம்மா, ஆனா சாவி எங்கிட்ட இருக்கு. நீயும் வந்துரு” என்றாள். நான் வந்தால் இரண்டு பேருக்கு நடுவில் எங்கேடி படுப்பேன் என்று பஞ்சவர்ணம் சொல்லிவிட்டாள். போக வேண்டும் என்று ஆசைதான். ஆனால் வளர்ந்த பெண்ணின் வாசலில் நின்று ஒருநாள் அவள் முகம் சுளித்தால், இந்த நாக்கு போறேன் என்று சொல்லிவிடும், அதைத் தாங்க முடியாது. அந்தப் பிள்ளைக்குக் கழிப்பும் தெரியாது, செம்பனேந்தலும் தெரியாது. சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் மதுரை என்கிறாள். அவளுக்கு இப்போது ஒரு போன் போட வேண்டும். குரலைக் கேட்டால் போதும், என்ன சாப்பிட்டே என்று கேட்டால் போதும். போனைப் படக்காரப் பிள்ளைகள் வாங்கி வைத்திருக்கிறார்கள், நடுவில் மணி அடித்துவிடுமாம்.

தப்பு அடிக்கத் தொடங்கினார்கள். அவள் உடம்பு தானாக எழுந்து நின்றது. இதோ, இதுதான். கேட்காமலே எழுந்து நிற்கிற உடம்பு. கையும் தானாகப் போய்க் கறுப்புச் சேலையைத் தொட்டது. சொன்னால் என்ன? யாருக்கு நஷ்டம்? மகள் செத்துப்போனாள் என்று சொல்லியாயிற்று, அவளைத் தேட மாட்டார்கள். தேட மாட்டார்களா? தன்னைப் பாத்திரக்கடை வாசலில் வந்து பிடித்தவர்கள் திருப்பூருக்குப் போக மாட்டார்களா? என்றைக்காவது அந்தப் பிள்ளை அம்மாவைப் பார்க்கவென்று பஸ் ஏறி வரும். அம்மா கிழவியாகிப் பாயில் கிடப்பாள். மார்கழிக் கடைசி நாளாக இருக்கும். வெளியே மூன்று முறை கேட்பார்கள், சத்தம் வராமல் அம்மாவின் உதடு அசையும். சொல்லிவிட்டால் இவர்கள் போய்விடுவார்கள் என்று ரேணுகா நினைப்பாள். நல்ல பிள்ளைகள் அப்படித்தான் நினைக்கும். பஞ்சவர்ணத்தின் கை அம்மாவின் கை மாதிரி பாதி தூரம்தான் போகும். அதை நினைத்ததும் சேலையை விட்டுவிட்டாள். தப்பு நின்றது. கதவுக்கு வெளியே ஆட்கள் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்டது.

“போறியா?” என்றார் சேதுராமன். அப்பாவின் குரலே வந்திருந்தது அவருக்கு. அவளுடைய வாய் திறந்துவிட்டது, உதடு குவிந்தும்விட்டது. முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். பல் முழுக்கத் துணி, பழைய வியர்வையும் இட்லிக் கடைச் சோப்பும் கலந்த ருசி. நாக்கு அதற்குள்ளும் முட்டி முட்டிப் பார்த்தது, வளர்த்த மாடு தொழுவத்தைத் தேடுகிற மாதிரி. வெளியே யாரோ இருமினார்கள். “போறியா?” இந்தமுறை கொஞ்சம் சத்தமாக. ஒருத்தன் வந்து கதவைத் தள்ளினான். கதவு அசைந்தது, திறக்கவில்லை. தாழ்ப்பாள் சின்னதுதான், ஓங்கி ஓர் உதை விட்டால் போதும், ஆனால் பீடையை அடித்து விரட்டக்கூடாதே, அது அவர்கள் வகுத்த முறையாயிற்றே. “உள்ள தாப்பா போட்ருக்கு மாமா” என்று அவன் ஏதோ கேள்விப்படாததைக் கண்டவன்போலச் சொன்னான். நிவேதிதா தாழ்ந்த குரலில், “அம்மா, உடம்பு எதும் சரியில்லையா?” என்றாள். அந்தக் குரலுக்குப் பதில் சொல்லாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அப்புறம் சேதுராமன் கதவுக்குக் கிட்டே வந்து நிற்பது தெரிந்தது. இப்போது அவர் வழக்கத்தில் இல்லாததைச் செய்தார், கெஞ்சினார். “என்னாத்தா இது, ஊரே நிக்குது. வீடு வேணுமா வேண்டாமா? போறியா ஆத்தா?”

பஞ்சவர்ணம் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். உதட்டைத் துடைத்துக்கொண்டாள். வீடு வேண்டும், அதில் என்ன சந்தேகம். “இருக்கேன்” என்றாள். அந்தச் சொல்லை இந்த வாய் சொல்லிக் கேட்டுப் பழக்கமில்லை, யாரோ பக்கத்து வீட்டுக்காரி பேசினது மாதிரி இருந்தது. அதனால் இன்னொருமுறை, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். “நான் இங்கனதான் இருக்கேன். எம் மக ரேணுகாவும் உசுரோட இருக்கா. அவளும் போக மாட்டா.” சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

வெளியே பந்தம் வைத்திருந்தவன், “மாமா, கொளுத்தவா, வேண்டாமா?” என்று கேட்டான். “மடப்பயலே, உள்ள ஆளு இருக்குடா” என்றார் சேதுராமன். ஆளு என்றார். கோபத்தில் என்ன சொல்கிறோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. நிவேதிதா யாரிடமோ, “நிறுத்தாதீங்க, கேமரா ஓடட்டும்” என்றாள். ஜனம் கலையவும் இல்லை, கிட்டே வரவும் இல்லை. ஒரு பெண், “அப்ப நாளைக்குப் பொங்கல் வைக்கிறதா இல்லியா?” என்று கேட்டது நன்றாகக் கேட்டது. காலையில் அவர்கள் வந்து குடிசையைப் பிய்த்துப் போடலாம். அஸ்திவாரத்தில் நிற்கிற வீடு அஸ்திவாரத்திலேயே நின்றுவிடலாம். போலீசைக் கூட்டி வரலாம், கூட்டி வரட்டும். மூலையில் முறத்தில் அரிசி இருந்தது, நடக்கும்போது கையில் ஏந்துவதற்காகப் படக்காரப் பிள்ளைகள் வைத்தது. மூன்று கல் கூட்டி அடுப்பும் வைத்திருந்தார்கள், ஜோடனைக்கு. பக்கத்தில் பானை. கழிப்புப் பானை என்றால் விரிசல் விட்டிருக்க வேண்டும், அம்மா தட்டிப் பார்த்துப் பொத்தல் பானையாகத்தான் எடுப்பாள், நல்ல பானையை உடைக்க மனசு வராது. இவர்கள் வைத்திருந்த பானை பழசாகத்தான் தெரிந்தது. பஞ்சவர்ணம் அதை மடியில் எடுத்து வைத்து விரலால் தேய்த்தாள், கரி விரலோடு வந்தது. புதுப் பானைக்குப் புகை பூசி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண் கொடுத்த தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து உள்ளே ஊற்றி, தூக்கிப் பிடித்து, அடியில் கையை வைத்துப் பார்த்தாள். ஒழுகவில்லை.